டைனோசர் 1

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், பாதியை நானே நீக்கிவிட்டேன். மாமா எழுதியதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். "குடிலில் டைனோசரா? பாரம்பரியத்தைக் கேலிக்கூத்து ஆக்காதே. அக்கா இருந்திருந்தால் இதை விட்டிருப்பாளா?"

பதில் சொல்லக் கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை.

முதலில் பாரம்பரியம். மாமா, குடிலே ஒரு காலத்தில் புதுசுதான். 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் வைக்கோலைப் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். பைபிளில் இயேசு பிறந்த கதையைச் சொல்லும் மத்தேயுவையும் லூக்காவையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். இயேசு பிறந்த இடத்தில் மாடு நின்றதாகவோ கழுதை நின்றதாகவோ ஒரு வரி கிடையாது. குழந்தையைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்றும் மத்தேயு சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருப்பதால் ஆளும் மூன்று என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டோம். எழுதப்படாத மாட்டுக்கு இடம் உண்டாம், என் பிள்ளையின் டைனோசருக்குக் கிடையாதாம்.

"அதெல்லாம் புனிதர் செய்தது, நீ செய்வதும் அதுவும் ஒன்றா?" என்று அடுத்த கேள்வி வரும். ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், திருவருகைக் காலத்தில் ஏற்றுகிற மெழுகுவர்த்தி வளையம் எப்படி வந்தது? ஹாம்பர்க்கில் ஏழைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற போதகரை, "கிறிஸ்துமஸ் இன்றைக்கா, நாளைக்கா?" என்று பிள்ளைகள் நச்சரித்திருக்கிறார்கள். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைச் செருகினார். வாரநாளுக்குச் சின்னது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது. எண்ணத் தெரியாத பிள்ளைகூட மிச்சத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளும். யாரோ ஒருவர் தன் கையிலிருந்த பொருளை வைத்து, தன்னோடு இருந்த பிள்ளைகளுக்காகச் செய்தார். மறுவருஷமும் செய்தார்கள். அவ்வளவுதான் பாரம்பரியம்.

பெரியவர்கள் சொல்வதையெல்லாம் கேட்பது என்றால், 1659-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்ட பெரியவர்களையும் கேட்க வேண்டியிருக்கும். அவர்களும் ரொம்ப பக்தியானவர்கள்தான்.

சரி, "அப்படியானால் புதுசு எல்லாமே நல்லதா?" இல்லை. எங்கள் வீட்டிலேயே எத்தனையோ புதுசு செத்திருக்கிறது. ஒரு வருஷம் எல்லோரும் ஒரே நிறத்தில் உடை போட்டுப் படம் எடுத்தோம். படம் நன்றாக வந்தது, அன்றைக்கு முழுக்கச் சண்டை. இன்னொரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் செல்போன்களை ஒரு கூடையில் போடுவது என்று முடிவு செய்தோம். மறுவருஷம் கூடையை எடுத்துவைக்க எனக்கே ஞாபகம் இல்லை. "இந்த வருஷம் ஏன் அது இல்லை?" என்று யாராவது கேட்கிறார்களா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை. கூடையை யாரும் கேட்கவில்லை. டைனோசரைக் கேட்டார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மகனுக்கு நாலு வயது. குடில் ஜோடித்து முடித்த பிறகு தன் பச்சை டைனோசரைக் கொண்டுவந்து ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினான். வாலில் பல் பதிந்திருக்கும், அவன் கடித்ததுதான். நான் எடுக்கப் போனேன். அம்மாதான் கையைத் தட்டிவிட்டாள். "அதுவும் பார்க்க வந்திருக்கு, விடு."

மாமா, நீங்கள் அன்றைக்கு முன்னறையில் உட்கார்ந்திருந்தீர்கள். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்க்காதது அது மட்டுமா? இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆரம்பித்தாகிவிட்டது. நாற்பது வருஷம் அந்தக் குடிலை எடுத்துவைத்தது அம்மா ஒருத்திதான். கை உடைந்த மேய்ப்பனைப் பசை போட்டு ஒட்டியதும் அவள்தான். சிக்குப்பிடித்த விளக்குச் சரத்தை மடியில் போட்டுக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் பிரித்துக்கொண்டிருப்பாள். "எல்லாம் அப்படியே பழையபடி இருக்கணும்" என்று சொன்னவர்கள் ஒருவர்கூட அந்தச் சரத்தின் மறுமுனையைப் பிடித்ததில்லை. பாரம்பரியத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களுக்கு அந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. என் அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்தால் கொடுத்துவைத்தவர்கள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இல்லாத முதல் டிசம்பரில் குடில் வேண்டாம் என்றேன். மகன்தான் பெட்டியை இறக்கினான். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு அது இருப்பதே தெரியாது. அம்மாவின் கையெழுத்து, நீல மை, ஓரம் பழுப்பாகியிருந்தது.

மேய்ப்பர் 2
ஆடு 4
ஞானிகள் 3 (ஒட்டகம் ஒன்று இல்லை)
மாடு 1
கழுதை 1
டைனோசர் 1

அதையும் மற்றவை போலவே செய்தித்தாளில் சுற்றி, மேலே நூல் கட்டி வைத்திருந்தாள். அம்மா கட்டிய முடிச்சை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே கையில் வைத்திருந்தேன்.

அக்கா இருந்திருந்தால் விட்டிருப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை எழுதியதற்கு வீட்டுக்குள்ளேயே திட்டு விழும், தெரியும். "பெரியவரைப் பொதுவில் பேசலாமா?" பொதுவில் கேட்டது நான் இல்லை.

ஜனவரி 6 முடிந்ததும் குடிலைப் பிரிப்போம். எல்லாவற்றையும் தாளில் சுற்றி, நூல் கட்டி, பெட்டியில் அடுக்க ஆள் வேண்டும். மாமா, மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். பட்டியல் மூடியிலேயே இருக்கிறது, சரிபார்த்து அடுக்கலாம்.