எரிச்சலுக்கு எல்.ஆர். ஈஸ்வரி

மனசு சரியில்லாத நாளில் மெல்லிசை கேளுங்கள், தானாக அமைதி வரும் என்று உங்கள் கட்டுரையில் எழுதி, பாடகர்கள் பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள். சோகமாக இருந்தால் சரி. எரிச்சலாக இருந்தால்? நேற்று ஒரு கையெழுத்துக்காக மூன்றாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஏறி இறங்கி, கடைசியில் "சார் லீவு, நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த நேரத்தில் தாலாட்டுப் பாட்டு போட்டால் இன்னும் கோபம்தான் வரும்.

எனக்கு அப்போது சினிமாப் பாடகி எல்.ஆர். ஈஸ்வரிதான். 1968இல் வந்த 'பணமா பாசமா' படத்தின் 'எலந்தப் பயம்' போதும். கூடைக்காரம்மா இலந்தைப் பழத்தைக் கூவி விற்பது போலவே இருக்கும், ஆனால் சுருதி ஒரு இழை விலகாது. அந்தக் குரலில் இருக்கும் திமிர் கொஞ்சம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும், போங்கடா என்று தோன்றும். அடுத்தது 'சிவந்த மண்' படத்தின் 'பட்டத்து ராணி'. சாட்டையடிக்கு நடுவே மூச்சு வாங்குவதையும் பாட்டாகவே ஆக்கியிருப்பார். நாம் கத்த நினைத்ததை அவரே கத்திவிடுவதால் பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

கிளப் டான்ஸ் பாட்டுக்காரர் என்று அவரை ஒதுக்குபவர்கள் 'காதோடுதான் நான் பாடுவேன்' கேட்கட்டும். 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசை. இதே ஈஸ்வரிதான், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் பாடியிருப்பார். ஆடி மாதத்தில் தெருவெல்லாம் ஒலிக்கும் அம்மன் பாட்டுகள் தனிக் கணக்கு.

உங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அடுத்த கட்டுரையிலாவது சேருங்கள்.