லா பாஸ் போனால் மினிபஸ்ஸை ஒதுக்காதீர்கள்

பொலிவியாவின் லா பாஸ் என்றாலே எல்லோரும் ரோப் கார் படத்தைத்தான் போடுகிறார்கள். போடட்டும், அழகுதான். ஆனால் "மினிபஸ் பக்கமே போகாதீர்கள், ரோப் காரிலேயே ஊரைச் சுற்றிவிடலாம்" என்று புதிதாகப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஊருக்கு ரோப் கார் எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லா பாஸ் ஒரு பள்ளத்தாக்குக்குள் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில், 4,000 மீட்டரையும் தாண்டி, எல் ஆல்டோ என்ற இன்னொரு பெரிய நகரம். அங்கிருந்து தினமும் ஏராளமானோர் வேலைக்கு இறங்கி, இருட்டியதும் ஏறுகிறார்கள். 2014-ல் 'மி டெலெஃபெரிகோ' என்ற அந்த ரோப் கார் சேவையின் சிவப்புத் தடம் வந்ததும், நெரிசலில் வளைந்து வளைந்து ஏறிய அந்தப் பயணம் பத்து நிமிடத்தில் முடிய ஆரம்பித்தது. பெட்டிக்குப் பத்துப் பேர், சில நொடிகளுக்கு ஒரு பெட்டி. முதுகில் வண்ணத் துணியில் மூட்டை கட்டிய அம்மாக்களும் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளும்தான் அதில் போகிறார்கள்.

சரி, குறை எங்கே? ஒரு தடத்துக்கு ஒரு டிக்கெட். தடம் மாறினால் மறுபடியும் காசு. கார்டு வைத்திருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தடம் மாறி வேலைக்குப் போகிறவருக்குப் போக வர எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொலம்பியாவின் மெடெயினில் 2004-லேயே ரோப் காரை மெட்ரோவோடு ஒரே டிக்கெட்டில் இணைத்துவிட்டார்கள். லா பாஸிலும் அதைச் செய்ய வேண்டும், மினிபஸ்ஸையும் சேர்த்து.

ஏனென்றால் ஸ்டேஷனில் இறங்கியபின் சரிவில் இருக்கும் வீடுவரை கொண்டுபோய் விடுவது மினிபஸ்தான். முன் கண்ணாடியில் போகும் ஏரியாக்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். ஜன்னலில் தலையை நீட்டி ஒருவர் "பிராடோ, சான் ஹோர்ஹே, ஒப்ராஹெஸ்" என்று மூச்சுவிடாமல் கூவுவார். கையைக் காட்டினால் நிற்கும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் "எஸ்கினா, போர் ஃபவோர்" என்று உரக்கச் சொன்னால் போதும், தெருமுனையில் நிறுத்திவிடுவார்கள். பின்சீட்டிலிருந்து காசு கைமாறி முன்னால் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஸ்பானிஷ் தெரியாதவர்களும் இதைச் சமாளித்துவிடலாம்.

டாக்ஸிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள். இரவில் தெருவில் கைகாட்டி ஏறாமல், தங்கும் விடுதியில் சொல்லி ரேடியோ டாக்ஸி வரவழையுங்கள். பயணிகளைக் கடத்திப் பணம் பறித்த போலி டாக்ஸிகள் அங்கே உண்டு. அப்புறம், குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓடும் ட்ரூஃபி என்ற ஷேர் டாக்ஸியும் இருக்கிறது. பகலில் நான்கு பேரோடு அதில் நெருக்கியடித்துப் போவது எனக்குப் பிடித்தே இருந்தது.