துணி வெறும் பின்னணி அன்று

மிக்கலீன் தாமஸைப் பற்றிய கட்டுரையில், அவருடைய ஓவியங்களில் நிறைந்திருக்கும் பூப்போட்ட துணிகளை அலங்காரப் பின்னணி என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த அமெரிக்க ஓவியர், 1970களின் கறுப்பினக் குடும்பத்து வரவேற்பறையை நினைவூட்டும் ஓர் அறையைத் தம் பணிக்கூடத்திலேயே ஒட்டுப்போட்ட துணிகளாலும் விரிப்புகளாலும் அமைத்து, தமக்கு நெருக்கமான பெண்களை அதில் அமர்த்திப் புகைப்படம் எடுத்து, அப்படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகே மரப்பலகையில் தீட்டுகிறார். ஆகவே அங்கே துணிதான் வீடு. 2012இல் அவர் தீட்டிய, இரு கறுப்பினப் பெண்கள் தழுவி உறங்கும் ஓவியம், பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1866இல் ஒட்டோமான் (துருக்கியப்) பேரரசின் தூதர் ஒருவருக்காக வரைந்த படத்துக்கு மறுமொழியாகும். கூர்பேயின் பெண்கள் ஓர் ஆணின் தனிச் சேகரிப்புக்காகப் படைக்கப்பட்டவர்கள். பெண்களை நேசிக்கும் கறுப்பினப் பெண்ணான தாமஸின் கையிலோ அதே தழுவல், வேடிக்கை பார்ப்பவரைப் பொருட்படுத்தாத நிம்மதியாக மாறுகிறது. தாமஸ் தம் ஓவியங்களில் பதிக்கும் ரைன்ஸ்டோன் என்ற போலி வைரக் கற்களின் மினுமினுப்பு சில இடங்களில் மிகை என்பதை (என் கண்ணுக்கேனும்) ஒப்புக்கொள்கிறேன். முன்னாள் மாடலான அவருடைய தாயார் சாண்ட்ரா புஷ்ஷும் மகளின் ஓவியங்களுக்காக அமர்ந்தவர் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.