சப்வூஃபர் தூரத்தை டேப் வைத்துத் திருத்தாதீர்கள்

அண்ணே, ஹோம் தியேட்டரில் சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) சோபாவிலிருந்து 2.5 மீட்டரில் இருக்கும்போது, ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) தன் மைக்கால் தானாக அளந்து 4 மீட்டர் என்று காட்டினால் மைக் பழுது, டேப்பில் அளந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

மைக் அளப்பது நேரத்தை: சோதனை ஒலி கிளம்பி வந்து சேர எவ்வளவு ஆகிறது என்று. ஒரு மில்லி விநாடியில் ஒலி சுமார் 34 செ.மீ. போகும். சப்வூஃபருக்குள் உள்ள ஃபில்டரும் டிஎஸ்பியும் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) சில மில்லி விநாடி தாமதிக்கும். ரிசீவர் அதையும் மீட்டராக்கிச் சேர்த்துக் காட்டுகிறது. அந்த எண்ணைக் குறைத்தால் சப்வூஃபர் ஒலி மற்ற ஸ்பீக்கர்களுக்குப் பிந்திவிடும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கரை 'ஸ்மால்' (தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கு விடும் அமைப்பு), கிராஸ்ஓவரை (இரண்டும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என வைத்து, இடது சேனலில் மட்டும் 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் ஆப் போதும், வித்தியாசம்தானே வேண்டும். அதைச் சோபாவில் தலை வரும் உயரத்தில் அசையாமல் வைத்து, ரிசீவர் எண்ணில் ஒருமுறை, டேப் எண்ணில் ஒருமுறை பாருங்கள். டேப் எண்ணில் பெரும்பாலும் டெசிபல் இறங்கும்: இரண்டு ஸ்பீக்கரும் நேரம் தவறி ஒன்றையொன்று குறைக்கும். ஏர்கானையும் காற்றாடியையும் அடைத்துவிடுங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்கிறீர்கள், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டாத சத்தத்தில் செய்யுங்கள்.