உட்காரும் உரிமை கேட்காமல் வந்ததல்ல

"ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் 2021-இல் தமிழகத்தில்தான் முதலில் வந்தது, யாரும் போராடவில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தமிழகத்தில் 2021 என்பது சரி. ஆனால் கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அதற்குப் போராடியது கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் தோழிகளும் தொடங்கிய 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பு.

அவர்களுடைய முதல் சண்டை நாற்காலிக்குக்கூட இல்லை, கழிப்பறைக்கு. கடையில் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு நின்ற பெண்கள் அவர்கள். அப்புறம்தான் உட்காரும் உரிமை. ஆள் வராத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலே சம்பளத்தில் பிடித்த கடைகள் இருந்தன. வேலை போகும் என்று தெரிந்தும் ஒருவருக்கொருவர் துணையாகத் தெருவில் இறங்கினார்கள். "யாரும் போராடவில்லை" என்ற வரியைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.