கழுவு தொட்டிக்குள் போன புது வைன்

கடந்த வியாழன் இரவு ஒன்றுகூடலில் என்ன நடந்தது என்பது இங்குள்ள பெரும்பாலானோருக்குத் தெரியும். வரமுடியாமற் போனவர்களும் அந்த நாற்பது விநாடிக் காணொளியை இரண்டு மூன்று தடவையாவது பார்த்திருப்பீர்கள். ஆகவே நான் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. நான் கொண்டுபோன மூன்று புது வைன் போத்தல்களில் ஒன்று, திறந்த கையோடு நம் தம்பி ஒருவரால் கழுவு தொட்டிக்குள் கவிழ்க்கப்பட்டது. அதற்கு 'வாழைப்பழப் பாணி' என்று பெயரும் சூட்டப்பட்டது. பின்னால் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் என் நெருங்கிய உறவினர்கள் என்பதைக் குரலை வைத்தே கண்டுகொண்டேன். பரவாயில்லை. நான்கு நாட்கள் பொறுத்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆத்திரத்தில் எழுதவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். போஜொலே நூவோ என்ற புது வைனைச் சுற்றி நடக்கும் ஆரவாரம் வேறு, அந்த வைன் வேறு. ஆரவாரத்தின் மீது கோபம் இருந்தால் ஆரவாரத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். வைனைக் கொட்டாதீர்கள்.

ஆரவாரம் எப்படி வந்தது என்பது ஒன்றும் இரகசியமில்லை. பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் போஜொலே மேடுகளில் அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே புது வைனைக் குடித்துத் தீர்ப்பது பழைய ஊர் வழக்கம். லியோனின் உணவுக் கடைகளில் குடங்குடமாக அது ஓடியது. இந்த நகரத்துக்கு ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் போக மூன்றாவதாகப் போஜொலே என்றோர் ஆறும் உண்டு என்று இங்குள்ளவர்கள் சொல்வது அதனால்தான். 1951 நவம்பரில் டிசம்பர் நடுப்பகுதி வரை காத்திருக்காமல் விற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. 1985 இலிருந்து நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை என்று நாள் நிலைத்தது. இடையில் ஜோர்ஜ் டுபூஃப் என்ற வைன் வணிகர், பூப்படம் போட்ட போத்தல் முகப்புகளோடு இதை உலகமெங்கும் கொண்டுபோனார். பாரிஸ் நகரத்துக்கு யார் முதலில் போத்தலைக் கொண்டு சேர்ப்பது என்று வண்டியோட்டப் பந்தயம் நடந்தது, விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் ஹக்கோனே வெந்நீர் விடுதியொன்றில் இந்த வைனை ஊற்றிய தொட்டிக்குள் இறங்கிக் குளிக்கிறார்கள். இதையெல்லாம் நான் நியாயப்படுத்தப் போகிறேனா? இல்லை. வைன் குளிப்பதற்கு அல்ல என்று எனக்கும் தெரியும். கொட்டுவதற்கும் அல்ல.

இனி வைனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காணொளியில் இதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. காமே என்ற திராட்சையைக் குலை குலையாக, கையால் வெட்டி, நசுக்காமல் முழுதாகத் தொட்டிக்குள் போடுகிறார்கள். அடியில் இருக்கும் குலைகள் மேலுள்ள பாரத்தால் தாமாகவே நசிந்து, அவற்றின் சாறு நொதிக்கத் தொடங்கி, அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். அந்த வாயுவுக்குள் மூழ்கியிருக்கும் மேற்குலைகளின் பழங்கள் தோல் உடையாமலேயே உள்ளுக்குள் நொதிக்கும். நான்கைந்து நாட்களில் பிழிந்துவிடுவார்கள். சாறு தோலோடு கிடக்கும் நாட்கள் குறைவு என்பதால் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு அதில் அதிகம் ஏறுவதில்லை. இந்த முறையில் பிறக்கும் பழவாசனையில் ஒன்று வாழைப்பழ வாசனை. வாழைப்பழத்துக்கு அதன் வாசனையைக் கொடுக்கும் அதே சேர்மம்தான் இங்கும் உருவாகிறது. சில வகை ஈஸ்டைப் போட்டால் அது இன்னும் தூக்கலாக வரும், பெரிய வணிகர்கள் சிலர் அப்படித்தான் செய்தார்கள். ஆகவே 'வாழைப்பழம்' என்று கண்டுபிடித்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நாற்பது வருடங்களாக எல்லோரும் சொல்லிச் சலித்த பகிடி அது. கறியில் தேசிக்காய் மணக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் சட்டியைத் தூக்கி எறிவதில்லை.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேண்டாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். 2003 ஆம் ஆண்டு, நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது வருடம். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஓகஸ்டில் உணவகத்தைப் பூட்டிவிட்டு முதலாளி விடுமுறைக்குப் போய்விட்டார், எனக்குச் சம்பளம் இல்லை. அந்த வருடம் பிரான்சில் வெயில் எப்படி இருந்தது என்று அப்போது இங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வழமையாகச் செப்டம்பரில் வரும் திராட்சை அறுவடை ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. போஜொலே என்ற பெயருக்கே காரணமான போஜெ என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் முந்திரிகை என்று சொல்லும் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுவோம், நிமிர்ந்து நின்று கையை உயர்த்திப் பழம் வெட்டலாம். அங்கே செடிகள் முழங்கால் உயரம். நாள் முழுக்கக் குனிந்து, இலைகளை ஒதுக்கி, காம்பைத் தேடி வெட்ட வேண்டும். இரண்டாம் நாள் இடக்கைச் சுட்டுவிரலைக் குலையோடு சேர்த்து வெட்டிவிட்டேன், தழும்பு இன்னும் இருக்கிறது. சாறு காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குளவிகள் கையை விட்டுப் போகாது. காலை ஒன்பது மணிக்கு வரிசை முடிவில் பாணும் உலர்ந்த இறைச்சியும் வைனும் வரும் வரைக்கும் முதுகு ஒரு பலகையைப் போல இருக்கும். பெரும் பண்ணைகளில் இயந்திரம் அறுக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த வைனுக்குக் குலை முழுதாக வேண்டும், இயந்திரம் பழத்தை உதிர்த்துவிடும். போத்தலில் இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் பின்னால் குனிந்த ஒரு முதுகு இருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, செய்முறையே அப்படி.

கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை, முதலில் வெட்டிய குலைகளைப் பிழிந்தார்கள். பிழிபொறியின் வாயில் ஒரு கிண்ணத்தைப் பிடித்து, தோட்டக்காரரின் தாயார் எனக்கு நீட்டினார். பாதி நொதித்து, பாதி இனிப்பாக, இளஞ்சூட்டோடு, நுரைத்துக்கொண்டிருந்த கலங்கிய சிவப்புச் சாறு. அதற்கு அங்கே 'பரதி' என்று பெயர், சொர்க்கம் என்று பொருள். குடித்ததும் எனக்கு நினைவு வந்தது பனையடியில் ஓலைப் பிளாவில் வாங்கிக் குடித்த கருப்பணி என்ற பதநீர். சுவை ஒன்றல்ல, நினைவு வந்தது, அவ்வளவுதான். அந்தக் கிழவிக்கு அதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. 'நல்லது, நல்லது' என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் கிண்ணத்தை மறுபடியும் நிரப்பினார். அந்தச் சாறு நவம்பரில் போத்தலுக்குள் வந்தபோது ஆறு போத்தல்கள் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் அந்த ஊர் வைனைத்தான் வாங்குகிறேன். வியாழன் இரவு தொட்டிக்குள் போனதும் அதுதான். தம்பிக்கு இது தெரியாது என்று சிலர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். தெரியாதுதான். கேட்டிருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வைனை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. காலையில் இறக்கிய கள்ளைப் பிடித்து, 'இது ஏன் சாராயத்தைப் போல இல்லை' என்று யாராவது கேட்பார்களா? தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, அதாவது முதல் கதிரைக் கொய்து வந்து, புது நெல்லைக் குற்றிச் சமைக்கிறோம். புது அரிசி குழையும், பழைய அரிசிதான் சோற்றுக்கு நல்லது என்பது நம் அம்மாமாருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அன்றைக்குப் புது அரிசியைப் போடுகிறார்கள். அன்றைக்கு அது குழைந்துதான் இருக்க வேண்டும். போஜொலே நூவோவும் அந்த வருடத்து விளைச்சலின் முதல் வாய். இளவேனில் வருவதற்குள் குடித்து முடித்துவிட வேண்டிய வைன். பத்து வருடம் நிலவறையில் வைத்து, பிறகு திறந்து பார்த்து ஏமாந்தால் குற்றம் வைனுடையது அல்ல.

'அண்ணை, அந்தக் காசுக்கு நல்ல மோர்கோன் வாங்கலாமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அவரை மதிக்கிறேன். மோர்கோன், பிளேரி, முலென்-ஆ-வோன் உட்படப் பத்துப் பகுதிகளின் வைன் போஜொலேயின் உச்சம். அந்தப் பத்துப் பெயர்களில் எதன் கீழும் நூவோ செய்ய அனுமதி இல்லை. திராட்சை அதே காமேதான். ஆனால் அந்தக் காசுக்கு என்பதுதான் பிழை. நூவோ பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். நல்ல மோர்கோன் அந்த விலைக்குக் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். தவிர, அறுவடை முடிந்த கையோடு சிறு தோட்டக்காரரின் கையில் காசு வருவது நூவோவால்தான். மற்ற வைன் விற்பனைக்கு வரும்வரை வேலையாட்களின் சம்பளத்தை அவர் எதைக் கொண்டு கொடுப்பார்? எனக்குச் சம்பளம் வந்ததும் அந்த வழியில்தான்.

சீனி சேர்க்கிறார்கள், தலையிடி வருகிறது என்பவர்களுக்கு நீண்ட பதில் இல்லை. மூன்று போத்தலைக் குடித்தால் எதுவும் தலையிடிக்கும்.

மோசமான நூவோவே இல்லை என்று நான் சொல்கிறேனா? அப்படிச் சொல்ல நான் மூடனல்ல. 1992 அளவில் போஜொலேயில் விளைந்த வைனில் பாதிக்கு மேல் நூவோவாகவே விற்றுத் தள்ளப்பட்டது. அவசரத்தில் தண்ணீரைப் போன்ற வைனும் வந்தது. 2001 விளைச்சலில் ஒரு கோடி போத்தலுக்கும் மேற்பட்ட அளவு விற்கமுடியாமல் வடிசாலைக்கும் அழிவுக்கும் போனது. அப்போது ஒரு வைன் விமர்சகர் லியோன் மாக் இதழில் அச்சில் எழுதத் தயங்கும் சொல்லொன்றால் அதைத் திட்ட, தோட்டக்காரர்கள் இதழின் மீது வழக்குத் தொடுத்தார்கள். முதலில் அவர்கள் வென்றார்கள், கடைசியில் உச்ச மன்றத்தில் இதழ் வென்றது. என்னைக் கேட்டால், குறை சொன்னவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது பெரிய முட்டாள்தனம். அந்த விமர்சகர் குடித்துப் பார்த்துவிட்டாவது திட்டினார். நம்முடையவர் வாயில் வைத்ததே இல்லை. காணொளியை மறுபடி பாருங்கள், மணந்து பார்க்கிறார், கமராவைப் பார்க்கிறார், கவிழ்க்கிறார்.

காமே திராட்சைக்கு இந்த இளக்காரம் புதிதுமில்லை. 1395 இல் பூர்கோன் கோமகன் பிலிப், இது விசுவாசமற்ற செடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையிட்டார். அவருடைய கண்ணுக்கு அது மட்டமான பழமாகத் தெரிந்தது. அறுநூறு வருடங்கள் கழித்து, வார இறுதி வைன் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய நம் தம்பிக்கும் அது அப்படியே தெரிகிறது. கோமகனின் பரம்பரை எங்கெல்லாம் பரவியிருக்கிறது பாருங்கள். அந்தச் சான்றிதழோடுதான் அவர் அன்றிரவு பதினெட்டு வருட விஸ்கியில் கோலாவை ஊற்றிக் குடித்தார். அதை நான் காணொளி எடுக்கவில்லை.

இன்னும் சிலர், குடியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா, பிள்ளைகள் வாசிக்கிறார்களே என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வருடத்தில் எத்தனை நாள் குடிக்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும், அது போதும். குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்தவன், என் சித்தப்பா வீடும் அதில் ஒன்று. ஆனால் அதே ஒன்றுகூடலில் மேசை நிறைய விஸ்கி நின்றபோது பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கவலை எங்கே போயிருந்தது? மலிவான போத்தலைக் கண்டதும்தான் ஒழுக்கம் நினைவுக்கு வருகிறதென்றால், அது ஒழுக்கமா விலையா என்று யோசியுங்கள். எனக்கு அன்றிரவு வலித்ததும் அதுதான் என்று இப்போது எழுதும்போதுதான் புரிகிறது. முப்பது யூரோ விலை போட்டிருந்தால் அந்தப் போத்தலை யாரும் கவிழ்த்திருக்க மாட்டார்கள். கொண்டுவந்தவன் சமையலறையில் வேலை செய்கிறவன் என்பதும் கணக்கில் இருந்திருக்கும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன், இதைச் சற்றுக் குளிர்த்திக் குடிக்க வேண்டும். துவர்ப்பு குறைவு என்பதால் நம் உறைப்போடு சண்டை பிடிக்காது. துவர்ப்பு மிகுந்த பெரிய சிவப்பு வைன்கள் மிளகாய்த்தூளோடு சேர்ந்தால் வாய் எரியும், இது எரியாது. அன்றிரவு இரண்டாவது போத்தலை மூலையில் இருந்த இரண்டு பெரியவர்கள் மட்டன் ரோல்ஸோடு சத்தமில்லாமல் முடித்தார்கள். ஒருவர் போகும்போது, 'தம்பி, இது எந்தக் கடையில் வாங்கினது' என்று கேட்டார். அது காணொளியில் இல்லை.

மூன்றாவது போத்தலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், குளிர்பெட்டியின் கதவில் நிற்கிறது. வரும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் பாணும். கவிழ்த்தவரும் வரலாம், நான் கதவைச் சாத்தப் போவதில்லை. கைத்தொலைபேசியை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வரட்டும்.