மேல்மலைப் படத்தை மேல்மலைக்காரர்கள் படிக்கட்டும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'கிரியேட் லேப்' என்றொரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. கூகுள் எர்த்தில் 1984 முதல் பூமி மாறிய விதத்தை ஓட்டிப் பார்க்கிறோமே, அந்த 'டைம்லேப்ஸ்' வசதி கூகுளோடு சேர்ந்து இவர்கள் உருவாக்கியது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர்கள் சொந்த ஊருக்குச் செய்த வேலை. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் ஊர். காற்றில் நாற்றமடித்தால் மக்கள் போனிலேயே பதிவு செய்ய 2016இல் 'ஸ்மெல் பிட்ஸ்பர்க்' என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். எங்கெங்கே நாற்றம், காற்று எந்தப் பக்கம் வீசியது, காற்று மாசை அளக்கும் கருவி என்ன காட்டியது, எல்லாம் ஒரே வரைபடத்தில். புகார் சுகாதாரத் துறைக்கும் போய்விடும். ஒருத்தர் மனு கொடுத்தால் 'பார்க்கிறோம்' என்று அனுப்பிவிடலாம். ஒரே காலையில் ஒரு பேட்டை முழுக்கப் புள்ளிகள் சிவந்து நின்றால் அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது.

சரி, நம் கொடைக்கானல் மேல்மலைக்கு வருவோம். பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னது. அந்த இடத்தைப் பிடித்தவை சீகை (வாட்டில்), பைன், தைல மரத் தோட்டங்கள், அப்புறம் விவசாயம். ஆனால் ஆய்வு ஆங்கிலத்தில், ஆய்விதழில். எங்கள் மேல்மலை ஊர்களான மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

டைம்லேப்ஸில் எங்கள் பக்கத்தை ஓட்டிப் பெரியப்பாவிடம் காட்டினேன். வெளிறிக் கிடந்த சரிவு வருடம் போகப் போகக் கரும்பச்சையாகிறது. விவரம் தெரியாதவர் பார்த்தால் காடு செழித்துவிட்டது என்றுதான் சொல்வார். பெரியப்பா திரையில் விரலை வைத்தார். "இது சோலை இல்லப்பா, சீகை. இங்கதான் மாடு மேய்ச்சோம். இதுக்குக் கீழ ஒரு ஊத்து இருந்துச்சு, கோடையிலயும் வத்தாது."

இதைத்தான் சொல்ல வருகிறேன். மேலிருந்து பார்த்தால் மலையின் இயற்கைக் காடான சோலையும் பச்சை, வெளியிலிருந்து வந்த சீகையும் பச்சை. புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரம் நட்டதும் இதே மாதிரியான பார்வைதான். டைம்லேப்ஸுக்கு அடிப்படையான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 30க்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். ஒரு பூண்டுப் பாத்தியோ ஊற்றோ அதில் தனியாகத் தெரியவே தெரியாது. அது எங்கே இருந்தது, எப்போது வற்றியது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு அது போய்விடவும் கூடும் என்பதுதான் எனக்குள்ள பதற்றம்.

மதுரையிலும் கோவையிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மாணவர்கள் மலைக்கு வருகிறார்கள், ஜிபிஎஸ் புள்ளி எடுக்கிறார்கள், ப்ராஜெக்ட் முடிந்ததும் போய்விடுகிறார்கள். எடுத்தது எதுவும் ஊருக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. திறமைக்குக் குறைவில்லாத பிள்ளைகள். அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களைத்தான் கேட்கிறேன்: தமிழில் ஒரு வரைபடம் செய்து தாருங்கள். ஓடைகளுக்கும் மேடுகளுக்கும் நாங்கள் வழங்கும் பெயர்கள் அதில் இருக்கட்டும். எது சோலை, எது சீகை என்று ஊர்க்காரரே குறிக்க வழி இருக்கட்டும். அதைக் கிராம சபையில், அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போது திரையில் ஓட்டிக் காட்டுங்கள். அந்நிய மரங்களை அகற்றும் பேச்சு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எந்தச் சரிவில் முதலில் வெட்டுவது என்று திட்டம் போடுவதற்கு முன்பே அந்த வரைபடம் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.